ஈட்டி பிடித்து நின்றவர்கள்

மேடையில பேசாம நிற்கிற ஆட்களுக்கு ஒவ்வொரு மொழியிலும் ஒரு பெயர் இருக்கு. நம்ம ஊர்ல துணை நடிகர், ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், கொஞ்சம் பழைய ஆட்கள் வாயில் 'எக்ஸ்ட்ரா'. ஆங்கில நாடக உலகத்தில் 'சூப்பர்நியூமரரி' என்பார்கள். லத்தீன் வேரைப் பிரித்தால் 'எண்ணிக்கைக்கு மேற்பட்ட ஆள்' என்று வரும். அதையே சுருக்கி 'சூப்பர்' ஆக்கிவிட்டார்கள். பிரெஞ்சில் 'ஃபிகுரான்', வெறும் உருவமாக வந்து போகிறவர். ஜெர்மனில் 'ஸ்டாடிஸ்ட்', நிற்கிறவர். எல்லாப் பெயரிலும் ஒரு அலட்சியம் இருக்கிறதைக் கவனிச்சீங்களா? கூட்டத்தோடு கோவிந்தா போடுகிற ஆள் என்று நாம் சொல்வது எவ்வளவோ மேல். அங்கே அந்த ஆளுக்குக் கோவிந்தா போடுகிற அளவுக்காவது குரல் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இன்னொரு பெயரும் உண்டு, 'ஸ்பியர் கேரியர்'. ராஜா பின்னால் ஈட்டி பிடித்து நிற்கும் ஆள். இது விக்டோரியா காலத்துக் கிண்டல் பெயராக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனா கிரேக்கர்களிடமே இது இருந்திருக்கிறது. 'தோரிபோரேமா' என்று ஒரு சொல். தோரி என்றால் ஈட்டி, அதைச் சுமந்து நிற்பது. அலெக்ஸாண்டர் செத்த பிறகு அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன் அரிடயஸை அரியணையில் உட்கார வைத்து மற்றவர்கள் அதிகாரம் செலுத்தினார்கள். அதைப் பற்றி எழுதும்போது ப்ளூட்டார்க், அவன் மேடையில் வந்து நிற்கிற ஊமை ஈட்டிக்காரனைப் போல இருந்தான், ராஜா என்ற பேரும் வேஷமும்தான் அவனுடையது, என்கிற மாதிரி சொல்கிறார். ஒரு பொம்மை ராஜாவைத் திட்டுவதற்கு உவமையாகப் பயன்படுகிற அளவுக்கு அந்த ஊமை ஈட்டிக்காரன் அன்றைய வாசகனுக்குப் பழக்கமான ஆள்.

இந்தக் கட்டுரை அந்த ஆட்களைப் பற்றியது. எல்லாக் காலத்தையும் எல்லா நாட்டையும் தொட்டுக்கொண்டு போகிற உத்தேசம் எனக்கு இல்லை. ஏதென்ஸில் ஒரு மூன்று வரி, லண்டனில் ஒரு வேலைக்காரன், ஜெர்மனியில் ஒரு குட்டி சமஸ்தானம். குறிப்பு எடுத்தபோது என்னை நிறுத்தி வைத்தவை இவைதான்.

முதலில் ஏதென்ஸ். கிரேக்க சோக நாடகத்தில் பேசுகிற நடிகர்கள் மொத்தமே மூன்று பேர். எல்லாரும் ஆண்கள், முகமூடி போட்டவர்கள். பாத்திரங்கள் எட்டோ பத்தோ இருந்தாலும் இந்த மூன்று பேரே முகமூடி மாற்றி மாற்றி வந்து ஆடுவார்கள். இவர்களுக்குச் சம்பளம் அரசு கொடுத்தது. கோரஸ் என்கிற பாட்டுக் குழுவின் செலவை ஒரு பணக்காரக் குடிமகன் தலையில் கட்டிவிடுவார்கள். அவருக்கு 'கொரேகஸ்' என்று பெயர். நம்ம ஊர்த் திருவிழாவில் மண்டகப்படிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கௌரவமும் அவருக்கே, கையிருப்புக் கரைவதும் அவருக்கே. இந்தக் கணக்குக்கு வெளியே இன்னும் சிலர் மேடைக்கு வந்தார்கள். ராணியின் தோழிகள், ராஜாவின் காவலர்கள், குழந்தைகள், கைதிகள். இவர்களை 'கோஃபோன் ப்ரோசோபோன்' என்றார்கள். ப்ரோசோபோன் என்றால் முகம், முகமூடி என்று இரண்டு பொருளும் உண்டு. ஊமை முகம் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த ஊமை முகங்களுக்கு ஆகும் செலவைப் பற்றி ப்ளூட்டார்க்கிடமே ஒரு நல்ல கதை கிடைக்கிறது, ஃபோக்கியன் என்ற ஏதென்ஸ் தளபதியின் வாழ்க்கை வரலாற்றில். ஒரு நாடகத்தில் ராணி வேஷம் கட்டிய நடிகர், எனக்குப் பின்னால் விலை உயர்ந்த உடுப்பில் நிறையத் தோழிகள் வர வேண்டும் என்று அடம் பிடித்தாராம். கொரேகஸ் மெலாந்தியஸ் ஏற்பாடு செய்து தரவில்லை. நடிகர் கோபித்துக்கொண்டு, மேடைக்கே வரமாட்டேன் என்று உள்ளே நின்றுவிட்டார். சபை காத்துக் கிடக்கிறது. மெலாந்தியஸ் அவரைப் பிடித்து வெளியே தள்ளி, ஃபோக்கியனுடைய பெண்டாட்டி ஒரே ஒரு வேலைக்காரியோடுதான் தெருவில் போகிறாள், உன் பகட்டைப் பார்த்து நம் வீட்டுப் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று சத்தம் போட்டாராம். அது சபைக்குக் கேட்டுவிட்டது. பெரிய கைதட்டல்.

கதையில் எல்லாரும் ஃபோக்கியனின் எளிமையைப் பார்ப்பார்கள், ப்ளூட்டார்க் எழுதியதும் அதற்காகத்தான். நான் பார்த்தது அந்த நடிகரை. பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அவர் ராணி. அந்தப் பெண்கள், அதாவது பெண் வேஷத்தில் வந்திருக்க வேண்டிய ஆண்கள், அவருக்கு நகை மாதிரி.

ஆனா நாடகாசிரியர்கள் இவர்களை நகையாக மட்டும் பயன்படுத்தவில்லை. சோபோக்ளிஸின் 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தில் உண்மை தெரிந்த ஆள் அந்தக் கிழட்டு ஆட்டிடையன். அவன் வாயைத் திறக்க மறுக்கிறான். ஈடிப்பஸ் காவலர்களைப் பார்த்து, இவன் கையைப் பின்னால் முறுக்குங்கள் என்கிறான். முறுக்குகிறவர்கள் யார்? ஊமை முகங்கள்தான். அவர்களுக்கு ஒரு வரி கிடையாது. ஆனா அந்தக் கை முறுக்கப்படாவிட்டால் மிச்ச நாடகம் இல்லை. ஈஸ்கிலஸ் பெயரில் வழங்கும் 'விலங்கிடப்பட்ட ப்ரொமிதியஸ்' தொடங்கும்போது இரண்டு தெய்வங்கள் ப்ரொமிதியஸைப் பாறைக்கு இழுத்து வருகின்றன. ஒன்று அதிகாரம், இன்னொன்று வன்முறை. அதிகாரம் நிறைய பேசுகிறது, அதட்டுகிறது, கொல்லனாகிய தெய்வத்தை ஆணியை நன்றாக அடி என்று விரட்டுகிறது. வன்முறை ஒரு வார்த்தை பேசுவதில்லை, சும்மா நிற்கிறது. காரணம் நடிகர் கணக்காகவே இருக்கலாம். இருந்தாலும் அதைவிடப் பொருத்தமான வேஷப் பங்கீடு எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போ அந்த மூன்று வரிக்கு வருகிறேன்.

கி.மு. 458ல் ஈஸ்கிலஸ் 'ஒரெஸ்டீயா' என்ற மூன்று நாடகத் தொடரை மேடையேற்றினார். முதல் நாடகத்தில் ராணி கிளைட்டெம்னெஸ்ட்ரா புருஷன் அகமெம்னானைக் கொல்கிறாள். இரண்டாவதில் மகன் ஒரெஸ்டஸ் நாடு திரும்பி, அப்பாவைக் கொன்ற அம்மாவைப் பழிவாங்க வேண்டும். அது அப்போலோவின் ஆணை. ஒரெஸ்டஸோடு ஒருவன் வருகிறான், பைலடஸ், நண்பன். நாடகத்தின் முதல் காட்சியிலேயே வந்துவிடுகிறான். ஒரெஸ்டஸ் அக்காவைச் சந்திக்கும்போது இருக்கிறான். அப்பாவின் சமாதியில் அழும்போது இருக்கிறான். மாறுவேஷத்தில் அரண்மனைக் கதவைத் தட்டும்போது இருக்கிறான். ஒரு சொல் பேசுவதில்லை. ஏறக்குறைய 900 வரிகள் ஓடிவிடுகின்றன. இத்தனை நேரத்தில் சபை அவனை எப்படி எடுத்துக்கொண்டிருக்கும்? இளவரசன் என்றால் கூட ஒரு ஆள் வருவான், அவ்வளவுதான். ஈட்டி பிடிக்கிறவன்.

பிறகு அந்த இடம். ஒரெஸ்டஸ் வாளோடு அம்மா முன்னால் நிற்கிறான். அவள் தன் மார்பைக் காட்டி, நீ பால் குடித்த மார்பு இது என்கிறாள். ஒரெஸ்டஸுக்குக் கை தளர்ந்துவிடுகிறது. திரும்பி, பைலடஸ், நான் என்ன செய்ய, அம்மாவைக் கொல்லக் கூசுகிறதே என்று கேட்கிறான்.

பைலடஸ் பேசுகிறான். மூன்றே வரி. அப்போலோ சொன்ன வாக்கு என்னாவது, செய்த சத்தியம் என்னாவது, உலகத்தில் யாரை வேண்டுமானாலும் பகைத்துக்கொள், தெய்வத்தைப் பகைக்காதே என்பது அதன் சாரம். அப்புறம் நாடகம் முடிகிற வரைக்கும் அவன் வாய் திறப்பதில்லை. ஒரெஸ்டஸ் அம்மாவை உள்ளே கூட்டிப்போய்க் கொல்கிறான்.

முதல் தடவை இதை மொழிபெயர்ப்பில் படித்தபோது நான் இதைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விட்டேன். புத்தகத்தில் பைலடஸ் என்று பெயர் அச்சாகி, பக்கத்தில் மூன்று வரி இருக்கிறது, அவ்வளவுதானே. படிக்கிறவனுக்கு ஊமை முகம் கண்ணில் படுவதில்லை, அது பக்கத்திலேயே இருக்காது. மேடையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு விஷயமே வேறு. கதவும் தூணும் போல இதுவரை நின்ற ஒன்று திடீரென்று மனிதக் குரலில் பேசுகிறது, அதுவும் தெய்வத்தின் ஆணையைச் சொல்கிறது. தெய்வமே பேசிவிட்டது என்று சிலிர்த்திருக்கும். ஊமை பேச மாட்டான் என்ற விதி பார்ப்பவன் மனசில் எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த மூன்று வரிக்குப் பலம்.

இதுல இன்னொரு முடிச்சும் இருக்கு. அந்தக் காட்சியில் ஒரெஸ்டஸ் ஒரு நடிகர், கிளைட்டெம்னெஸ்ட்ரா இன்னொருவர். மூன்றாமவர் சற்று முன்னால்தான் வேலைக்காரனாக ஓடி வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறார். அப்படியானால் பைலடஸுக்குக் குரல் கொடுத்தது யார்? பழைய உரைக் குறிப்பு ஒன்று, நாலு பேர் பேசக் கூடாது என்பதற்காக அந்த வேலைக்காரனே வேஷம் மாற்றி பைலடஸாக வந்தான் என்கிறது. பத்துப் பதினைந்து வரிக்குள் முகமூடி மாற்ற வேண்டும். முடியுமா முடியாதா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குறிப்பை ஏற்றால் ஒரு விஷயம் தானாக விழுகிறது. 900 வரி பேசாமல் நின்ற பைலடஸ் வேறு ஆள், பேசிய பைலடஸ் வேறு ஆள். ஒரே முகமூடி, ஒரே உடுப்பு. அத்தனை நேரம் வெயிலில் நின்ற அந்த ஆள், பேசுகிற நேரம் வந்ததும் திரைக்குப் பின்னால் முகமூடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருப்பான். சினிமாவில் டூப் போடுகிறவர்களைத் தெரிந்த நமக்கு இது புதுசாகத் தோன்றாது.

முதல் நாடகத்திலேயே ஈஸ்கிலஸ் இந்த வித்தையை ஒரு தடவை செய்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அகமெம்னானின் ரதத்தில் டிராய் நாட்டிலிருந்து கஸாண்ட்ரா கைதியாக வருகிறாள். கிட்டத்தட்ட 300 வரிகள் மௌனம். ராணி அவளை உள்ளே வா என்று கூப்பிட்டு, அதட்டி, சலித்துப் போய்விடுகிறாள். போர்க்கைதி என்றால் ஊமை முகம்தான் என்று சபை முடிவு கட்டியிருக்கும் நேரத்தில் கஸாண்ட்ரா அலறுகிறாள். யூரிப்பிடிஸ் இதைத் திருப்பிப் போட்டார். கி.மு. 438ல் வந்த 'அல்செஸ்டிஸ்' நாடகத்தில் புருஷனுக்காக உயிரைக் கொடுத்த அல்செஸ்டிஸ் முதல் பாதியில் நிறையப் பேசுகிறாள். கடைசியில் ஹெராக்ளிஸ் அவளை மரணத்திடமிருந்து மீட்டு, முகத்திரையோடு கூட்டி வரும்போது பேசுவதே இல்லை. பாதாள தெய்வங்களின் தீட்டு கழிய மூன்று நாள் ஆகும், அதுவரை பேச மாட்டாள் என்று நாடகத்துக்குள் காரணம் வருகிறது. மேடைக் காரணம் எளிது. இந்த நாடகத்தை இரண்டே நடிகர்களை வைத்து ஆட முடியும். அல்செஸ்டிஸாக இருந்த நடிகர் இப்போது ஹெராக்ளிஸ் வேஷத்தில் இருந்திருப்பார், முகத்திரைக்குள் நின்றது ஒரு ஊமை முகம். செத்துப் பிழைத்தவள் நிஜமாகவே வேறு ஆள். நடிகர் பற்றாக்குறையிலிருந்து இப்படி ஒரு முடிவைச் செய்துகொள்ள யூரிப்பிடிஸுக்குத்தான் வரும்.

ரோமானியர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கையில் கூட்டம் வெறும் கூட்டமானது. கி.மு. 55ல் பாம்ப்பே ரோமில் கல் தியேட்டர் கட்டித் திறந்தபோது நடந்த ஆட்டங்களைப் பற்றி சிசரோ நண்பருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கிளைட்டெம்னெஸ்ட்ரா நாடகத்தில் 600 கோவேறு கழுதைகள், டிராய்க் குதிரை நாடகத்தில் 3000 மதுக் கலயங்கள், இதில் என்ன சுகம் என்று சலித்துக்கொள்கிறார். அத்தனை கழுதையையும் ஓட்டிக்கொண்டு போக எத்தனை ஆட்கள் வேண்டியிருந்திருக்கும்? அதை அவர் எண்ணிச் சொல்லவில்லை. கழுதையை எண்ணியிருக்கிறார்.

லண்டனுக்கு வந்தால், ஷேக்ஸ்பியர் காலத்துக் கம்பெனிகளில் ஆள் குறைவு, வேஷம் அதிகம். மேடைக்குப் பின்னால் ஒரு தாள் தொங்கும், எந்தக் காட்சியில் யார் எந்த வேஷத்தில் உள்ளே போக வேண்டும் என்று. அப்படிச் சில தாள்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. 1597ல் அட்மிரல் கம்பெனி ஆடிய 'ஃப்ரெடரிக்கும் பசிலியாவும்' என்ற நாடகத்தின் தாள் அதில் ஒன்று. நாடகமே தொலைந்துவிட்டது, தாள் மட்டும் இருக்கிறது. அதில் காவலர்கள் வருகிற இடத்தில் 'வசூல்காரர்கள்' என்று குறித்திருக்கிறார்கள். வாசலில் நின்று சபையிடம் காசு வாங்கிப் போடுகிறவர்கள்! நாடகம் ஆரம்பித்துக் கூட்டம் உள்ளே வந்த பிறகு வாசலில் இவர்களுக்கு வேலை இல்லை, உள்ளே கூப்பிட்டு ஆயுதம் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். அரை மணி முன்னால் உங்களிடம் ஒரு பென்னி வாங்கியவன் இப்போது ராஜாவின் மெய்க்காப்பாளன்.

இப்படிப்பட்ட ஆட்களை மனதில் வைத்துக்கொண்டு 'லியர் மன்னன்' நாடகத்தின் அந்தப் பயங்கரமான காட்சியைப் பாருங்க. கார்ன்வால் பிரபு, கிழவர் க்ளாஸ்டரைக் கட்டச் சொல்கிறான். வேலைக்காரர்கள் நாற்காலியில் கட்டுகிறார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறான், பிடித்துக்கொள்கிறார்கள். ஈடிப்பஸின் காவலர்கள் மாதிரியே, சொன்னதைச் செய்கிற கைகள். கார்ன்வால் க்ளாஸ்டரின் ஒரு கண்ணைப் பிடுங்குகிறான். இரண்டாவது கண்ணுக்குப் போகும்போது ஒரு வேலைக்காரன் நிறுத்துங்கள் என்கிறான். சின்ன வயசிலிருந்து உங்களிடம் வேலை பார்க்கிறேன், இப்போது தடுப்பதைவிட நல்ல ஊழியம் உங்களுக்குச் செய்ததில்லை என்கிற மாதிரிப் பேசுகிறான். வாளை உருவுகிறான். கார்ன்வாலுக்குப் பட்ட காயம் பிறகு அவன் உயிரையே வாங்கிவிடுகிறது. வேலைக்காரனைப் பின்னாலிருந்து குத்திக் கொல்வது கார்ன்வாலின் மனைவி ரீகன். ஒரு குடியானவன் எழுந்து நிற்பதா என்பதுதான் அவளுடைய அதிர்ச்சி. அவனுக்கு நாடகத்தில் பெயர் கிடையாது. முதல் வேலைக்காரன், அவ்வளவே.

பைலடஸோடு இவனை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இருவரும் பேச வேண்டாதவர்கள், பேசிவிடுகிறார்கள். அவன் கொல் என்றான், இவன் நிறுத்து என்கிறான். பைலடஸுக்குப் பின்னால் அப்போலோ நிற்கிறார், இவனுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. எனக்கு இவன்தான் பெரிய ஆள்.

காட்சியின் முடிவில் இன்னும் ஒரு சின்ன விஷயம். 1608ல் அச்சான பதிப்பில், எஜமானர்கள் போன பிறகு மிச்சமிருக்கும் இரண்டு வேலைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். க்ளாஸ்டரை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும், ரத்தம் வழிகிற முகத்துக்குச் சணல் பஞ்சும் முட்டை வெள்ளைக்கருவும் வைக்க வேண்டும் என்று. வீட்டு வைத்தியம். 1623ல் வந்த பெரிய தொகுப்பில் இந்தப் பேச்சு இல்லை. 1962ல் பீட்டர் புரூக் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக லியரை மேடையேற்றியபோதும் இதை வெட்டினார், சபைக்கு ஆறுதல் கிடைக்கக் கூடாது என்பதற்காக. புரூக்கின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முட்டை வெள்ளைக்கரு இல்லாத லியரை நான் விரும்பவில்லை.

நடுவில் ஜப்பானைப் பற்றி ஒரு குறிப்பு, தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகித்தான். கபுகி நாடகத்தில் கறுப்பு உடுப்பில் மேடை உதவியாளர்கள் நடமாடுவார்கள், 'குரோகோ' என்று பெயர். கறுப்பு என்றால் இல்லை என்று அர்த்தம், சபை அவர்களைப் பார்க்காது. பனிக் காட்சியில் வெள்ளை உடுப்பு, கடல் காட்சியில் நீலம். இல்லாமல் இருப்பதற்கே இத்தனை உடுப்பு! கபுகி கம்பெனியில் கடைநிலை நடிகர்களின் வேலைகளில் ஒன்று குதிரைக்குள் புகுந்து நடப்பது. 'குதிரைக் கால்' என்பது ஜப்பானிய மொழியில் மட்டமான நடிகனுக்கு வசவுச் சொல்லாகவே ஆகிவிட்டது.

சரி, பத்தொன்பதாம் நூற்றாண்டு. லண்டன், பாரிஸ் தியேட்டர்கள் பெரிதாகிவிட்டன. படை அணிவகுப்பு, நகரச் சந்தை, முடிசூட்டு விழா என்று எல்லாம் மேடைக்கு வந்தாக வேண்டும். தெருவில் கிடைக்கிற ஆட்களையும், லண்டனில் விடுமுறை நேரத்து ராணுவச் சிப்பாய்களையும், ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று சில்லறைக் கூலி பேசிக் கூட்டி வந்தார்கள். ஒத்திகை ரொம்பக் குறைவு. அந்த ஆளுக்குக் கதை தெரியாது, எந்த ராஜா நல்லவன் என்றுகூடத் தெரியாது. ஓபரா உலகத்தில் இதைப் பற்றி ஒரு கதை சொல்லிச் சிரிப்பார்கள். புச்சினியின் 'டோஸ்கா'வில் கடைசிக் காட்சி, துப்பாக்கிப் படை வந்து நாயகனைச் சுட வேண்டும், பிறகு நாயகி டோஸ்கா கோட்டைச் சுவரிலிருந்து குதித்துச் சாக வேண்டும். துப்பாக்கிப் படைக்கு ஒத்திகை இல்லை. எப்போ வெளியே போகணும் என்று கேட்டதற்கு, முக்கிய நடிகர்கள் போகும்போது நீங்களும் போங்க என்று பதில். டோஸ்கா குதித்தாள். படையும் ஒருவர் பின் ஒருவராகக் குதித்ததாம். நடந்ததோ கட்டியதோ, அந்த உத்தரவு மட்டும் நிஜமாக எத்தனையோ தியேட்டரில் கொடுக்கப்பட்டிருக்கும்.

இந்த வழக்கத்தை உடைத்தது பெரிய தலைநகர் எதுவும் இல்லை. நடு ஜெர்மனியில் மைனிங்கன் என்ற சின்ன டச்சி. 1866ல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் கியோர்க் பிரபுவுக்கு அரசியலைவிட நாடகத்தில் பைத்தியம். நன்றாகப் படம் வரைவார், காட்சியையும் உடுப்பையும் தானே வரைந்து தருவார். 1873ல் எலன் ஃப்ரான்ஸ் என்ற நடிகையைக் கல்யாணம் செய்துகொண்டார், அரச குடும்பத்தில் எத்தனை முகம் சுளித்திருக்கும் பாருங்க. அந்த அம்மா நடிகர்களுக்கு வசனப் பயிற்சி கொடுத்தார். லுட்விக் க்ரோனெக் என்பவர் ஒத்திகைகளை நடத்தினார்.

அவர்கள் செய்த முதல் காரியம் ஒரு விதி. கம்பெனியில் இருக்கும் எந்த நடிகரும் இன்றைக்குக் கதாநாயகன் வேஷம் இல்லையென்றால் கூட்டத்தில் நிற்க வேண்டும், மறுக்க முடியாது. இரண்டாவது, கூட்டத்தைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தேர்ந்த நடிகர் ஒருவரைத் தலைவராகப் போட்டார்கள். போகிற ஊரில் கூலிக்குச் சேர்க்கிற புது ஆட்களைப் பழக்குவது அவர் பொறுப்பு. கையெழுத்துப் பிரதியில் 'கூச்சல்' என்று ஒரு வார்த்தை இருக்கும் இடத்தில், யார் என்ன கத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிரபுவின் குறிப்புகள் இன்னும் நுணுக்கமானவை. பக்கத்து ஆள் நிற்கிற மாதிரியே நிற்கிறோம் என்று ஒருவனுக்குத் தெரிந்தால் அவன் உடனே நிலையை மாற்ற வேண்டும். தலைகள் ஒரே உயரத்தில் வரிசையாக இருக்கக் கூடாது. சபையைப் பார்த்து முறைக்கக் கூடாது. இதெல்லாம் இன்றைக்கு எந்த சினிமா உதவி இயக்குநருக்கும் அரிச்சுவடி. அன்றைக்கு இல்லை.

1874 மே 1ஆம் தேதி பெர்லினில் 'ஜூலியஸ் சீசர்' போட்டார்கள். சீசரின் பிணத்தை வைத்துக்கொண்டு மார்க் ஆண்டனி பேசுகிற காட்சியை நினைச்சுப் பாருங்க. அதுவரைக்கும் அது ஆண்டனியின் காட்சி. பின்னால் நாற்பது பேர் டோகா கட்டிக்கொண்டு 'ஆ, ஊ' என்பார்கள். இங்கே கூட்டம் தயங்குகிறது, ஒரு மூலையில் சூடாகிறது, இன்னொரு மூலையில் எதிர்க்கிறது, கடைசியில் பற்றிக்கொள்கிறது. ஷேக்ஸ்பியர் எழுதியதே அப்படித்தான், ஆண்டனியின் பேச்சு வெற்றி பெறுவது அவர்கள் முகத்தில்தானே தெரிய வேண்டும்? பெர்லின் அசந்துபோனது. 1881ல் லண்டன் ட்ரூரி லேன் தியேட்டரில் அதே நாடகம். முக்கிய நடிகர்களைப் பற்றி லண்டன் விமர்சகர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், கூட்டத்தைப் பாராட்டுவதில் எல்லாரும் ஒரே கட்சி. 1890 வரை ஐரோப்பா முழுக்கச் சுற்றினார்கள், 2500க்கும் மேற்பட்ட ஆட்டங்கள்.

இதை ஜனநாயகம் என்று கொண்டாட எனக்குத் தயக்கம். கூட்டத்தில் ஒவ்வொருவனும் தனி மனிதனாகத் தெரிந்தான், ஆனா எப்படித் தனியாகத் தெரிய வேண்டும் என்பதையும் பிரபுவே வரைந்து கொடுத்தார். 1890ல் மாஸ்கோவில் இவர்களைப் பார்த்த இளைஞர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, க்ரோனெக்கின் கறார் கட்டுப்பாட்டில் மயங்கி அதையே தானும் பின்பற்றியதையும், அந்தச் சர்வாதிகாரம் நடிகனுக்கு உதவாது என்று பிறகு உணர்ந்ததையும் தன் சுயசரிதையில் விவரமாக எழுதியிருக்கிறார். ஊர் ஊராகச் சேர்த்த அந்தக் கூலி ஆட்களின் பெயரும் எந்தச் சுவரொட்டியிலும் ஏறவில்லை.

இருந்தாலும் அந்த முதல் விதியை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. நேற்று ப்ரூட்டஸாக நின்றவன் இன்று கூட்டத்தில் நான்காவது ஆளாக நிற்கும்போது, அவன் பக்கத்தில் நிற்கிற கூலி ஆளும் முதுகை நிமிர்த்துகிறான். இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர் பாரிஸில் இருந்தார், ஆந்த்ரே ஆந்துவான். கேஸ் கம்பெனியில் குமாஸ்தா. நாடகப் பித்து முற்றி, காமெடி ஃப்ரான்சேஸ் தியேட்டரில் முதலில் கூலிக்குக் கைதட்டும் கோஷ்டியில் சேர்ந்து, பிறகு ஃபிகுரானாக மேடையில் நின்றவர். பெரிய நடிகர்கள் வசனம் பேசுவதைப் பின்னாலிருந்து, அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்டவர். 1887ல் சொந்தமாக 'தேயாத்ர் லீப்ர்' என்ற நாடக அரங்கைத் தொடங்கினார்.

1888ல் மைனிங்கன் கம்பெனி பிரஸ்ஸல்ஸுக்கு வந்தபோது ஆந்துவான் போய்ப் பார்த்துவிட்டு, சார்சே என்ற பெரிய விமர்சகருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எல்லாம் புகழ்ச்சி இல்லை, உடுப்பின் ஆடம்பரத்தையும் சில ஒளி வித்தைகளையும் கிண்டல் செய்திருக்கிறார். கூட்டத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுகிறார். நம்முடைய பாரிஸில் தெருவில் பொறுக்கிய ஆட்களுக்குப் பொருந்தாத உடுப்பை மாட்டி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிறுத்துகிறோம், அங்கே நடிகர்களே கூட்டமாக நிற்கிறார்கள் என்கிறார். சபைக்கு முதுகு காட்டி நடிப்பதையும் வியக்கிறார். பின்னாளில் முதுகு காட்டி நடிப்பது அவருடைய அரங்கின் அடையாளமாகவே ஆனது, பாரிஸ் அதைக் கேலி செய்தது.

1906ல் ஆந்துவான் பாரிஸின் ஓடியோன் தியேட்டருக்கு இயக்குநரானார், அரசு நடத்துகிற பெரிய அரங்கு. அந்த வருஷமே அவர் எடுத்துப் போட்ட நாடகங்களில் ஒன்று 'ஜூலியஸ் சீசர்'. மேடை நிறையக் கூட்டம்.